ஒருத்திக்கு இரண்டு பாஸ்

விசாரணை நடந்த அன்று கழகங்களுக்கெல்லாம் மேலான விளையாட்டுச் சம்மேளனத்தின் பின் அறையில் ஏழு பேர் இருந்தோம். இளையோர் பிரிவின் தலைவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் தட்டச்சுப் பொறியோடு ஒரு பெண். ஜேர்மனியில் நாங்கள் இருந்த ஊர்க் கழகத்தின் பயிற்சியாளர், பக்கத்து நகரக் கழகத்தின் பயிற்சியாளர், முறைப்பாடு கொடுத்த மூன்றாவது கழகத்து அம்மையார், பிறகு என் தங்கையும் நானும். அம்மா வரவில்லை. பொலிஸ் இருக்குமோ என்ற பயத்தில் அகதி விடுதியிலேயே நின்றுவிட்டா. அப்பா யாழ்ப்பாணத்தில் வெங்காயத் தோட்டத்தோடு நின்றவர், ஜேர்மனிக்கு வரவே இல்லை. பொன்னிறப் பின்னல் போட்ட ஒரு ஜேர்மன் பிள்ளையும் அங்கே இல்லை. என் தங்கையைப் போலவே அந்தக் கோடையில் அவளும் இரண்டு கழகங்களுக்கு விளையாடியவள். அவளை ஒருவரும் கூப்பிடவில்லை.

பாஸ் என்பது கழகம் எடுத்துத் தரும் சிறிய அட்டை. அதில் படமும் பெயரும் பிறந்த திகதியும் இருக்கும். அது இல்லாமல் ஆட்டத்தில் இறங்க ஏலாது. ஒருவருக்கு ஒரு பாஸ்தான். வேறு கழகத்தோடு போட்டிக்குப் போவதென்றால் சொந்தக் கழகம் எழுத்தில் சம்மதம் தரவேண்டும். என் தங்கைக்கோ இரண்டு கழகங்களில் இரண்டு பாஸ் இருந்தன. அதைவிட மோசம், இரண்டிலும் வேறு வேறு பெயர். ஏமாற்றி இரண்டாவது பாஸ் எடுத்தாள் என்பது குற்றச்சாட்டு. அதற்குத் தண்டனை ஒரு வருடத் தடை.

ஒரு வருடம் என்றால் என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவளுக்குப் பதினைந்து வயது. அடுத்த கோடையோடு இளையோர் வயது முடிந்துவிடும். பெரிய பெண்களுக்கான அணி எங்கள் மாவட்டத்தில் கிடையாது. அகதி விண்ணப்பம் கொடுத்தவர்கள் அனுமதி இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. அன்று தடை விழுந்தால் அவளுடைய விளையாட்டு அத்தோடு சரி.

அவள் ஆடியது சொஃப்ட்போல். யாழ்ப்பாணத்தில் அப்படி என்றால் ரெனிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட்தான். இங்கே அது வேறு. எங்கள் விடுதிக்குப் பக்கத்தில் அமெரிக்கப் படைமுகாம் ஒன்று இருந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர்களுடைய விளையாட்டு ஊன்றிவிட்டது. ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் ஆடுகிற எல்லேக்கு இதை ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம். பந்தை அடித்துவிட்டு மூலை மூலையாக ஓடிச் சுற்றி வரவேண்டும். தங்கை ஊரில் எல்லேயில் பெயர் எடுத்தவள். அவள் பந்தெறிகிற விதத்தைப் பார்த்துவிட்டு ஜேர்மன் பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியை அவளைக் கழகத்துக்கு அனுப்பினா.

முதல் நாள் பயிற்சியில் அவள் பந்தைப் பிடித்தாள், ஓடிக்கொண்டிருந்த பொன்னிறப் பின்னல்காரியின் முதுகைப் பார்த்து விட்டாள் ஒரு எறி. அந்தப் பிள்ளை குப்புற விழுந்தது. மைதானமே திகைத்து நிற்க, இவள் மட்டும் ஆள் அவுட் என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். எல்லேயில் ஓடுகிறவரைப் பந்தால் அடித்தால் அவுட்தான். இங்கே அது அடிதடி. நான் வேலிக்கு வெளியே நின்று, எனக்குத் தெரிந்த அவ்வளவு ஜேர்மன் மொழியையும் கொட்டி விளங்கப்படுத்தினேன். விழுந்த பிள்ளை முதுகைத் தடவிக்கொண்டே சிரித்தது. அன்றிலிருந்து இரண்டு பேரும் இணைபிரியாத சிநேகிதிகள்.

எங்கள் கழகத்தில் பெண்பிள்ளைகள் காணாது. பாதி ஞாயிறுகளில் அணி நிரம்பாமல் ஆட்டம் கைவிடப்படும். பக்கத்து நகரத்துக் கழகம் அப்படி இல்லை. ஊர் ஊராகப் போட்டிகளுக்குப் போகும் அணி அவர்களிடம் இருந்தது. அதன் பயிற்சியாளர் இவளையும் பின்னல்காரியையும் கேட்டார். எங்கள் பயிற்சியாளருக்கும் அது தெரியும். பிள்ளைகளுக்கு நல்ல அனுபவம் என்று சொல்லி, ஒரு நாள் தன்னுடைய காரிலேயே கொண்டுபோய் விட்டவர் அவர்.

அந்த நகரம் அடுத்த மாவட்டத்தில் இருக்கிறது. அதனால் நான் நேரே அந்தப் பயிற்சியாளரிடம் போய், எங்களுக்கு எல்லை தாண்ட அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையை விடமாட்டோம் என்றேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் தனக்கு ஆள் தெரியும், எழுதி எடுத்துவிடுகிறேன் என்றார். அடுத்த கிழமை திரும்பக் கேட்டேன். எடுத்தாயிற்று என்றார். அவர் சொன்ன அந்த வார்த்தையை நம்பித்தான் அம்மா அவளை அனுப்பினா.

இனிப் பெயர்க் கதை. ஜேர்மன்காரனுக்கு ஆளின் பெயர் முன்னுக்கு, குடும்பப் பெயர் பின்னுக்கு. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பெயரை முதலில் எழுதி, சொந்தப் பெயரைப் பிறகு எழுதுவோம். நாங்கள் வந்து இறங்கிய அன்று எல்லைப் பொலிஸ்காரன் கடவுச்சீட்டில் முன்னால் இருந்ததை அவளுடைய பெயர் என்று பதிந்தான். அதாவது, அலுவலகத் தாளின்படி என் தங்கைக்கு அப்பாவின் பெயர். எனக்கும் அதே பெயர். ஒரு வீட்டில் ஒரே பெயரில் அண்ணனும் தங்கையும். அதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை அவளையே கேட்டு எழுதியபடியால் அங்கே சரியாக அவளுடைய பெயர் முன்னுக்கு வந்தது. எங்கள் கழகம் பள்ளிக்கூடப் பதிவைப் பார்த்துப் பாஸ் எடுத்தது. பக்கத்து நகரக் கழகம், அனுமதிக்கென்று எங்களிடம் வாங்கிய, பொலிஸ் பதிந்த பெயருள்ள அடையாள அட்டையைப் பார்த்து எடுத்தது. அவளுக்கு அங்கே பாஸ் எடுத்த கதையே எங்களுக்குத் தெரியாது. பயிற்சியாளர் அட்டைகளை ஒரு பெட்டியில் வைத்திருப்பார், ஆட்டத்துக்கு முன்னால் நடுவரிடம் கொடுப்பார். அவ்வளவுதான்.

மூன்றாவது கழகத்து அம்மையாரின் பிள்ளைகள் இவளுடைய எறிக்கு முன்னால் இரண்டு தரம் தோற்றார்கள், இவளோ ஒவ்வொரு தரமும் வேறு கழகத்துச் சட்டையில். அந்தப் போட்டிகள் முழுவதிலும் கறுத்த பிள்ளை இவள் ஒருத்திதான். அம்மையார் போட்டித் தாள்களை வாங்கிப் பார்த்தா. இரண்டு பெயர். உடனே முறைப்பாடு.

விடுதிக்குச் செய்தி வந்ததும் கீழ்மாடியில் இருந்த ஒரு அண்ணைக்கு நல்ல பகிடி. சாப்பாட்டுப் பார்சல் வரிசையில் எல்லாருக்கும் முன்னால் கேட்டார்.

"தம்பி, தங்கச்சி ரெண்டு ஆளெல்லோ. இனி ரெண்டு பார்சல் எடுப்பாவோ?"

வரிசை சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் எழுத வாசிக்கப் படித்த முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வருகிற தாள் எல்லாம் என் கைக்குத்தான் வரும். எழுதி வைத்தது எழுதி வைத்தபடிதான் நடக்கும் என்று நான் முழுமனதாக நம்பியிருந்தேன். சம்மேளனத்தின் விதிப்புத்தகத்தை இரவல் வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஏமாற்றும் நோக்கம் இருந்தால்தான் தடை என்று அதில் தெளிவாக இருந்தது. தவறு கழகத்தின் பக்கம் என்றால் பொறுப்பும் கழகத்துக்கே என்றும் இருந்தது. அந்த வரிகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, தேவாலயத்தில் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

தலைவர் மரியாதையான மனிதர். என்னை முழுதாகப் பேச விட்டார். எங்கள் பெயர் வழக்கத்தைச் சொன்னேன். பெயரை மாற்றி எழுதியது உங்கள் பொலிஸ், இரண்டாவது பாஸ் எடுத்தது உங்கள் கழகம், இதில் இந்தப் பிள்ளை செய்தது பந்து எறிந்தது மட்டும்தான் என்றேன். நன்றாகப் படித்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். அந்தப் பாராட்டில் எனக்கு முகம் எரிந்தது.

பிறகு பக்கத்து நகரப் பயிற்சியாளரைப் பார்த்துக் கேட்டேன்.

"அனுமதி எடுத்தாயிற்று என்று சொன்னீர்களே. பாஸ் எடுத்ததை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை?"

அவர் கார்ச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். மொழி விளங்காமல் பிழை நடந்திருக்கலாம் என்றார், என்னைப் பார்க்காமல். அவளைத் தன் காரில் கொண்டுபோய் விட்ட எங்கள் பயிற்சியாளர் சுவரில் இருந்த பரிசுக் கிண்ணங்களைப் பார்த்தார். இருவரில் ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

பின்னல்காரியும் இரண்டு அணிகளுக்கு விளையாடினாளே என்று கேட்டேன். தட்டச்சுக்காரப் பெண் ஒரு கோப்பைத் திறந்து, சம்மதக் கடிதம் இருக்கிறது என்று காட்டினா. அதில் போட்டிருந்த திகதி முறைப்பாடு வந்த நாளுக்குப் பிறகானது. நான் அதைச் சுட்டிக்காட்டினேன். அந்தப் பிள்ளையின் தகப்பன்தான் இரண்டு கழகங்களுக்கும் சட்டை வாங்கிக் கொடுக்கிறவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தலைவர் கோப்பை மெதுவாக மூடினார்.

"விதி எல்லாருக்கும் ஒன்றுதான்," என்றார்.

தங்கை என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணா, இவையளிட்ட சொல்லு. அப்பான்ர பேரை நான் களவெடுக்கேல்லை எண்டு."

அதை நான் ஜேர்மன் மொழியில் சொன்னேன். தட்டச்சுக்காரப் பெண் அதைப் பதியலாமா என்று தலைவரைப் பார்த்தா. தேவையில்லை என்று கையைக் காட்டினார்.

முடிவை அன்று சொல்லவில்லை. இரண்டு பெயரும் ஒரே ஆள்தானா என்று வெளிநாட்டவர் அலுவலகத்திடம் தானே எழுதிக் கேட்பதாகத் தலைவர் சொன்னார். பாஸின் பிரதிகளும், அவள் ஆடிய போட்டிகளின் தாள்களும் அந்தக் கடிதத்தோடு போயின. எந்த ஊரில், எந்த ஞாயிற்றுக்கிழமை என்று எல்லாம் அதில் இருந்தது.

இரண்டு கடிதங்கள் ஒரே கிழமையில் வந்தன. முதலாவது சம்மேளனத்திலிருந்து. இரண்டும் ஒரே ஆள் என்று அலுவலகம் உறுதி செய்துவிட்டது, ஆகையால் ஏமாற்று நோக்கம் இல்லை, தடையும் இல்லை. ஆனால் எங்கள் கழகத்துப் பாஸில் உள்ள பெயர் அடையாள அட்டையோடு பொருந்தவில்லை, ஆகவே அது செல்லாது. மற்றப் பாஸ் விதிக்கு மாறாக எடுக்கப்பட்டது, அதுவும் செல்லாது. புதிதாக விண்ணப்பிக்கலாம். புதுப் பாஸுக்குக் காத்திருக்க வேண்டிய காலத்தைக் கணக்குப் பார்த்தேன். இளையோர் வயது அதற்குள் முடிந்துவிடும். தடை இல்லை என்று எழுதியே தடையைக் கொடுத்திருந்தார்கள்.

இரண்டாவது கடிதம் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து, அம்மாவின் பெயருக்கு. அனுமதி இல்லாமல் பிள்ளையை மாவட்ட எல்லைக்கு வெளியே போக விட்டதற்குத் தண்டம். பயிற்சியாளர் எழுதி எடுத்ததாகச் சொன்ன அனுமதி அங்கே ஒரு கோப்பிலும் இல்லை. நான் வாசித்து முடித்ததும் அம்மா கேட்டா.

"ரெண்டு ஆள் எண்டு விசாரிச்சவை, ஒராள் எண்டு தெரிஞ்ச பிறகும் ஏன் காசு கேக்கினம்?"

அகராதியை எடுத்து யன்னலால் எறியவேண்டும் போல இருந்தது. எறியவில்லை, அதை வைத்துத்தான் மேன்முறையீடு எழுதினேன். அதற்குப் பதிலே வரவில்லை.

பந்து பிடிக்கும் கையுறை கழகத்துடையது. தங்கை அதைத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நானும் கூடப் போனேன். எங்கள் பயிற்சியாளர் அதை வாங்கி, மிக வருத்தம் என்றார். நான் அவருக்குக் கை கொடுக்கவில்லை. மைதானத்தில் பின்னல்காரி எறிந்துகொண்டிருந்தாள், தங்கை நின்ற இடத்தில் நின்று. இவளைக் கண்டதும் ஓடிவந்து, அடுத்த ஞாயிறு வருவாய்தானே என்று கேட்டாள். அவளுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. தங்கை வர ஏலாது என்று தமிழிலேயே சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

பயிற்சியாளர்கள் இருவரும் அடுத்த வருடமும் பயிற்சி கொடுத்தார்கள். அம்மாவுக்கு விழுந்த தண்டம் நூற்றிருபது மார்க். இரண்டாவது பாஸுக்காகப் பக்கத்து நகரக் கழகத்துக்கு விழுந்து எங்கள் தலையில் கட்டப்பட்டது தொண்ணூறு. இரண்டு பாஸையும் இரத்துச் செய்த கட்டணம் முப்பத்தைந்து. அகதிக்குக் கிடைக்கும் மாதக் கைச்செலவுக் காசிலிருந்து மூவரும் பிடித்துப் பிடித்துக் கட்டி முடித்தது, எல்லாமாக இருநூற்று நாற்பத்தைந்து மார்க்.