ஆணி போட்ட அத்தை

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, ராகி அடிக்கும் பாறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். பெங்களூர் ஆஸ்பத்திரியில் அறுத்து, எலும்புக்குள் ஓர் ஆணியை இறக்கினார்கள். அப்பா எக்ஸ்ரே படத்தை வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டினார். புகை போன்ற எலும்புக்கு நடுவே ஆணி வெள்ளை வெளேரென்று நின்றது. உயிரோடு இருக்கிற ஆளுக்குள் ஆணி! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, எலும்பு கூடிவிட்டது, இனிக் கோலூன்றி நடக்க வேண்டும், படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டி ஆளையே கொண்டுபோய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை அசையவில்லை. காலை ஊன்றினால் ஆணி பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்று பயம். அப்பா கெஞ்சினார், கத்தினார். அதற்குள் இருமல் தொடங்கிவிட்டது.

ஒருநாள் உச்சிவேளையில் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரப் பெண் கைக்குழந்தையோடு வந்தாள். ஏற்கெனவே ஒரு குழந்தையைப் பறிகொடுத்தவள்.

“ரா அக்கா, எங்கூட கொஞ்சம் வாங்க. புளியமரத்தத் தாண்டித்தான் தோட்டத்துக்குப் போவணும். கொழந்தைய வச்சிக்கிட்டு பயமா இருக்குது. இரும்பு கையில இருந்தாவே காத்து கருப்பு அண்டாது. உங்களுக்கு ஒடம்புக்குள்ளயே இருக்குதே!”

“வேணும்னா ஆணியப் புடுங்கித் தரேன், எடுத்துக்கிட்டுப் போடி” என்றாள் அத்தை.

“ஆணி மட்டும் தனியா நடந்து போவுமா அண்ணி?” என்றாள் அம்மா.

அத்தை அம்மாவை முறைத்தாள். பிறகு குழந்தையை வெகுநேரம் பார்த்தாள். “டேய், அந்தக் கோல எடு.”

முதல் நாள் வாசற்படிவரை ஆறு எட்டு வைத்தாள். முகமெல்லாம் வேர்வை. அந்தப் பெண் மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். பத்துப் பன்னிரண்டு நாளில் அத்தை முன்னே, அவள் பின்னே, கடைசியில் நானாகப் புளியமரத்தடிக்குப் போய்விட்டோம். அண்ணாந்து பார்த்தேன். ஓர் இலை ஆடவில்லை. பேய்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்கள் அத்தைக்கு வழிவிட்டு நிற்கின்றன என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதன்பின் பிள்ளை பெற்ற வீடுகளிலெல்லாம் துணைக்கு அத்தையைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு கால் விரற்கடை குட்டையாகிவிட்டாலும், சாகும்வரை நடந்துகொண்டுதான் இருந்தாள்.

அந்தப் பெண் அதற்கு முன்பும் தினமும் குழந்தையோடு அந்த மரத்தடி வழியே தனியாகத்தான் போய்வந்தாள். அவள் வந்து கூப்பிட்ட அன்று நான் அதைச் சொல்ல வாயெடுத்தபோது, அம்மா என் தொடையைக் கிள்ளினாள். உச்சிவேளையில் பேய்ப்பேச்சு கூடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அது அம்மாவின் ஏற்பாடு என்பது பெரியவனான பிறகு புரிந்தது. ஆனால் அத்தை மூன்று மாதம் படுத்துக் கிடந்த இடத்துச் சன்னலிலிருந்து அந்தப் பாதை முழுவதும் தெரியும் என்பது, போன வாரம் அந்தப் பழைய வீட்டைப் பிரிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

1994, ஆடி மாதம் 3ஆம் தேதி.