மார்ஃபா எதிர்த்த விமானம்

2011ஆம் ஆண்டு நவம்பர் 14, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். வடகோடி நகரமான ஆங்கரேஜில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. விமானக் கொட்டகையின் சிறு கதவைத் திறந்து உள்ளே நுழைந்த கிளென் ஓடெகார்டை வரவேற்ற முதல் குரல், ஓர் ஏணியின் உச்சியிலிருந்து வந்தது.

"எண்ணெய்ச் செலவக் கொறைக்க வந்திருக்கற ஆளு நீதானா? மொதல்ல கதவச் சாத்து. கொட்டகையச் சூடாக்கறதுக்கும் எண்ணெய்தான் எரியுது."

குரலுக்குரியவர் மார்ஃபா லெக்கானஃப். அந்தச் சிறிய சரக்கு விமான நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவுக்குத் தலைவர்; அலூஷியன் தீவுகளில் பிறந்து, ஐம்பத்தைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். மனிதர்களிடம் பேசுகையில் உயரும் அவர் குரல், இன்ஜின் அருகே காதை வைத்து நிற்கும்போது மட்டும் தாழும் என்று கொட்டகையில் சொல்லிக்கொள்வார்கள்.

கிளென் மினசோட்டாவிலிருந்து வந்த திட்ட அலுவலன். அவனை வரவழைத்தவர் உரிமையாளர் ஹாலிஸ். அவரிடம் மூன்று விமானங்கள் இருந்தன. மூன்றும் பழையவை, நான்கு இன்ஜின் கொண்டவை, கடன் அடைந்து சொந்தமானவை. ஆனால் எண்ணெய் விலை ஏற ஏற, சரக்குக்குக் கிடைத்த கூலியை அந்த இன்ஜின்களே தின்று தீர்த்தன. கோடைக்குள் வழி பிறக்காவிட்டால் நிறுவனத்தை இழுத்து மூடுவதென்று ஹாலிஸ் தீர்மானித்திருந்தார். ஆகவே, கிளென் எழுதப்போகும் பரிந்துரையில்தான் அந்தக் கொட்டகையை நம்பியிருந்த குடும்பங்களின் பிழைப்பெல்லாம் தொங்கியது.

அவன் பரிந்துரைத்தது இரட்டை இன்ஜின் விமானங்களை. மார்ஃபா அதை முதல் நாளிலிருந்தே எதிர்த்தார். ஒளிவுமறைவின்றி, எல்லாருக்கும் கேட்கும்படி எதிர்த்தார்.

"இது நம்ம சொந்த வண்டி, கிளென். நின்னாலும் யாருக்கும் தவணை கட்ட வேண்டாம்."

"நின்னாச் செலவில்ல மார்ஃபா, ஒத்துக்கறேன். பறந்தாத்தான் செலவு. நாம தெனமும் பறக்கணும். வாரத்துக்கு ஒருநாள் பறக்கறவனுக்குப் பழசு லாபம். தெனம் பறக்கறவனுக்கு நாலு வாய்க்குத் தீனி போட்டு மாளாது."

"நாலுல ஒண்ணு படுத்தா, மிச்சம் மூணு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ரெண்டுல ஒண்ணு படுத்தா? பக்கத்துல இருக்கற ஓடுதளத்துல எறங்கியாகணும். எங்க ஊர்ப் பக்கத்து ஓடுதளமெல்லாம் நீ பாத்ததில்ல."

"நான் மினசோட்டாக்காரன். குளிர் எனக்குப் புதுசில்ல."

"குளிர் தெரியும். காத்து தெரியாது."

கொட்டகை சிரித்தது. கிளெனும் சிரித்தான், ஆனால் காது சிவந்துவிட்டது. அவ்வாறு இரட்டை இன்ஜின் விமானம் வெளியூரில் நின்றுவிட்டால் அதை மீட்க என்ன செலவாகும் என்று அவன் ஒருமுறை மார்ஃபாவைக் கேட்டான். ஏணியிலிருந்து இறங்காமலே, "பாத்துச் சொல்றேன், போ" என்றார் அவர். அவன் மறுமுறை கேட்கவில்லை. இன்ஜின் பழுதாவது மிக அரிது என்று விமானம் செய்தவர்களே சொல்கிறார்களே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி, பரிந்துரையில் அந்தச் செலவுக்கு நேரே சுழியத்தைப் போட்டுவிட்டான்.

ஹாலிஸ் எச்சரிக்கையானவர். வாங்குவதற்கு முன்பாக, ஓர் இரட்டை இன்ஜின் விமானத்தைக் குளிர்காலத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தார். டிசம்பரும் ஜனவரியும் அது குறையின்றிப் பறந்தது. எண்ணெய்ச் செலவு ஏறத்தாழப் பாதியாயிற்று. பிப்ரவரியில், உயிருள்ள நண்டுகளை ஏற்றிக்கொண்டு ஜப்பானுக்குப் போகும் வழியில், அதன் வலப்புற இன்ஜின் அதிர்ந்தது. விமானி அதை அணைத்துவிட்டு, அலூஷியன் தீவுகளை ஒட்டிய கோல்டு பே என்னும் சிற்றூரில் பத்திரமாக இறங்கினார். யாருக்கும் கீறல்கூட இல்லை.

ஆனால் விமானம் அங்கேயே நின்றது. நான்கு இன்ஜின் விமானமாயிருந்தால் சரக்கை இறக்கிவிட்டு, அனுமதி பெற்று, மூன்று இன்ஜினோடு வீடு திரும்பியிருக்கும். இரட்டை இன்ஜின் விமானம் ஒற்றை இன்ஜினோடு எழும்ப அனுமதி கிடையாது. வேறோர் இன்ஜின் அங்கே போய்ச் சேர வேண்டும். அந்த ஊரிலோ பெரிய ஓடுதளம் ஒன்றும், ஐம்பது அறுபது மனிதரும், ஓயாத காற்றும்தான்.

"திங்கட்கெழம முடிவு சொல்லிடறேன்" என்றார் ஹாலிஸ். "அதுவரைக்கும் என் கண்ணுல படாத, கிளென்."

மார்ஃபா அவனை ஏசவில்லை. தொலைபேசியை எடுத்தார். போட்டி நிறுவனம் ஒன்றிடம் அதே வகை இன்ஜின் உபரியாக இருந்தது; ஒரே பேச்சில் கிடைத்தது. அதை ஏற்றிச் செல்ல, எண்ணெய் வயல்களுக்குத் தளவாடம் சுமக்கும் நான்கு இன்ஜின் ஹெர்குலிஸ் விமானத்தோடு கஸ் என்னும் கிழட்டு விமானி வந்தார். சக்கரம், விளக்கு, பளுதூக்கி என்று யார் எப்போது கேட்டாலும் மார்ஃபா இல்லையென்று சொன்னதில்லை; அந்த ஓடுதளத்தில் எல்லா நிறுவனத்தாரும் அதை அறிந்திருந்தார்கள். கிளென் அன்றுதான் அறிந்தான்.

"ரெண்டு இன்ஜின் பிள்ளையாண்டானத் தூக்க நாலு இன்ஜின் கெழவன் வரவேண்டியிருக்கு பாத்தியா?" என்றார் கஸ்.

"அந்தக் கெழவன் குடிக்கற எண்ணெய்க்கும் சேர்த்து இவன்தான் அழணும்" என்றார் மார்ஃபா. "வா கிளென். காத்தப் பாக்கலாம்."

பார்த்தான். கோல்டு பேயில் இன்ஜினைச் சுற்றிக் கட்டிய கூடாரத்தைக் காற்று இருமுறை பிய்த்தெறிந்தது. கயிற்றைப் பிடித்துத் தொங்குவதே அவன் வேலையாயிற்று. சாகவிருந்த நண்டுகளைக் கொண்டுபோய்ச் சமைத்த ஊரார், பாத்திரம் பாத்திரமாகச் சூடான சூப் கொண்டுவந்து கொடுத்தார்கள். மார்ஃபா வீட்டில் சுட்டுக் கொண்டுவந்திருந்த பிரோக் என்னும் சால்மன் மீன் பொதிந்த மாவுப் பண்டத்தைப் பிய்த்து, முதல் துண்டை அவனிடம் நீட்டினார்.

"தின்னு. செத்துக்கித்துப் போயிட்டா உன் கணக்க யாரு முடிக்கறது?"

"முடிச்சாச்சு மார்ஃபா. நீங்க சொன்னதுதான் நடந்துடுச்சே."

அவர் மெல்லுவதை நிறுத்தி, கழற்றி வைத்த இன்ஜினை வெகுநேரம் பார்த்தார். "போன குளிர்காலம் இந்தப் பசங்க கைய நீ பாத்ததில்ல. மூணு வண்டி, பன்னெண்டு இன்ஜின். ஒண்ண மாத்தி முடிக்கறதுக்குள்ள இன்னொண்ணு படுக்கும். வெரலெல்லாம் வெடிச்சுக் கெடந்துச்சு. இந்த வருஷம் இந்த வண்டியில இது ஒண்ணுதான். தூரத்துல படுத்துது, வாஸ்தவம். ஆனா ஒண்ணுதான்."

கிளென் தன் துண்டைக் கடித்தான். அவர் தமக்குத்தாமே பேசிக்கொள்வதாகத் தோன்றியது அவனுக்கு.

திங்கட்கிழமை கூட்டத்தில் ஹாலிஸ் அவனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "மார்ஃபா, நீ ஒரு வார்த்த சொல்லு. இன்னைக்கே வண்டியத் திருப்பி அனுப்பிடறேன்."

"அனுப்ப வேண்டாம். ரெண்டு வாங்கு" என்றார் மார்ஃபா. "பழசு மூணையும் வித்துடு. உபரி இன்ஜின் விஷயத்துல பக்கத்துக் கொட்டகைக்காரங்களோட ஒரு ஒப்பந்தம் போட்டுக்கறேன். அவங்களுக்குத் தேவைன்னா நாம, நமக்குத் தேவைன்னா அவங்க. வெளியூர்ல நின்னா மீட்கற செலவையும் சேர்த்துப் பாத்தாலும் இவன் சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு."

ஹாலிஸ் மேசையிலிருந்த கிளெனின் பரிந்துரையை விரலால் தட்டினார். "அந்தச் செலவு இதுல எங்க? சுழின்னு போட்டிருக்கான். வெளியூர்ல நின்னா மீட்கப் பைசா செலவாகாதுன்னு நம்புற ஆள வெச்சு நான் விமானம் வாங்கணுமா?"

கிளென் எழுந்தான். உள்ளதைச் சொல்லிவிட்டு ஊர்திரும்பும் எண்ணத்தோடுதான் எழுந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் மார்ஃபாவின் குரல் உயர்ந்தது.

"அவன் எங்கிட்டக் கேட்டான். நான் குடுக்கல. பராமரிப்புச் செலவு என் பொறுப்பு. ஏசறதுன்னா என்னைய ஏசு. நீ உக்காரு, கிளென்."

அவன் உட்கார்ந்தான். இரட்டை இன்ஜின் விமானங்கள் இரண்டு வந்தன, கோடை வந்தது, கொட்டகை மூடப்படவில்லை. அடுத்த குளிர்காலத்தில் மெக்கானிக்குகள் வெடிப்பில்லாத கைகளை விரித்துக் காட்டிக் கேலி பேசினார்கள்.

சில ஆண்டுகளில் கிளென் நிறுவனத்தின் செலவுகளுக்கெல்லாம் பொறுப்பாளன் ஆனான். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் மார்ஃபா தம் பிரிவுக்கு வேண்டியதைக் கேட்டு அவன்முன் வந்து உட்காருவார். புதிய வெப்பக் கூடாரம், இன்னும் இரண்டு ஆட்கள். அவன் பாதியை வெட்டுவான். அவர் மேசையைத் தட்டுவார், மினசோட்டாவையும் அவன் முன்னோரையும் வைவார், கதவை அறைந்து சாத்திவிட்டுப் போவார். 'அன்றைக்குக் கூட்டத்தில்' என்று அவர் தொடங்கியிருந்தால் போதும், கேட்டதையெல்லாம் அவன் கொடுத்திருப்பான். அவர் ஓய்வு பெறும்வரை ஆண்டுதோறும் அவன் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தான். மார்ஃபா கூடாரத்துக்கான காரணங்களை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார்.