நேராக்கிவிட்ட சுவர்

என் தங்கை கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தாள். சமையலறையின் பக்கச்சுவர் விரிசல் விட்டு, அடுப்புப் பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. அவள் அதைப் போனில் படமெடுத்து, மனுவோடு ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்தாள். போனை அண்ணாந்து பிடித்து எடுத்தால் எந்தக் கட்டடமும் சாய்ந்துதான் தெரியும், இதை வைத்துக்கொண்டு சமையலறையை மாற்ற முடியாது என்று இன்ஜினியர் திருப்பி அனுப்பிவிட்டார். எரிச்சல் என்னவென்றால், அந்த ஆள் சொன்னது உண்மை. ஆனால் ஒரு தடவை வண்டியேறி வந்து சுவரைப் பார்த்திருந்தால் போட்டோவே தேவைப்பட்டிருக்காது.

நான் சென்னையில் கட்டடங்களைப் படமெடுத்துப் பிழைப்பவன். அதற்கென்றே டெக்னிகல் கேமரா என்று ஒன்று வைத்திருக்கிறேன். அதை அண்ணாந்து பிடிக்கவே வேண்டாம். ரசமட்டம் பார்த்து நிறுத்திவிட்டு லென்ஸை மட்டும் மேலே நகர்த்தினால் கூரை படத்துக்குள் வந்துவிடும். நேராக நிற்பது நேராகவே நிற்கும், சாய்ந்தது சாய்ந்த அளவுக்கே தெரியும். லென்ஸைப் பக்கவாட்டில் துளி திருப்பினால், கிட்டத்து மூலையிலிருந்து தூரத்து மூலைவரை விரிசல் முழுக்கத் தெளிவாக விழும். பணக்காரர் வீட்டு வரவேற்பறைகளுக்காகவே இத்தனை வருஷம் செய்த வேலை. முதல் தடவையாக ஒரு நல்ல காரியத்துக்குச் செய்கிறோம் என்று நினைத்தேன்.

கேமராவோடு ஊருக்குப் போய், தங்கையைச் சுவரோரம் நிற்கவைத்தேன், ஆள் நேர், சுவர் சாய்வு என்று பார்த்தவுடன் தெரியட்டும் என்று. புடவை மாற்றிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டவளை அதட்டினேன்.

எனக்கு அன்றே சென்னையில் வேலை. இன்ஜினியருக்குப் படம் காகிதத்தில்தான் வேண்டுமாம். கள்ளக்குறிச்சியில் கல்யாண ஆல்பம் போடும் ஒரு லேபுக்குப் படத்தை அனுப்பிவிட்டு, வாங்கிக் கொடுத்துவிடு என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

மறுநாள் போன் செய்தாள். "இன்னாண்ணா, என்னை இம்மாம் வெள்ளையா எடுத்துக்கிற?"

அந்த லேபுகளில் கேட்காமலே இரண்டு காரியம் செய்வார்கள். பெண்ணின் முகத்தை வெளுப்பார்கள், மண்டபத்துத் தூணை நேராக்குவார்கள். உடனே லேபைக் கூப்பிட்டேன். கோணலாக இருந்தது, அதனால் நேராக்கிவிட்டேன் சார் என்றான், பாராட்டு வாங்குகிறவன் குரலில். மொத்தப் படத்தையும் இழுத்துத் திருத்தியிருக்கிறான். சுவர் நேராகிவிட்டது. பக்கத்தில் நின்றவள் சாய்ந்துவிட்டாள்.

அவள் அதற்குள் படத்தைக் கொடுத்துவிட்டிருந்தாள். இன்ஜினியர் பார்த்துவிட்டு, "செவுரு நேராதானே இருக்குது. நீதாம்மா சாஞ்சிக்கினு நிக்கிற" என்றாராம். ஆபீஸே சிரித்திருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் இவளும் சிரித்துவிட்டு வந்திருக்கிறாள். அதைக் கேட்டபோது அந்த லேப்காரனையும் இன்ஜினியரையும் ஒன்றாகக் கட்டிவைத்து உதைக்க வேண்டும் போலிருந்தது.

சரியான பிரிண்ட் ஒன்று போட்டுக்கொண்டு நானே நேரில் போனேன். அவர் இரண்டு படங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். டீயைக் குடித்துக்கொண்டே நான் சொன்ன லென்ஸ் கதை முழுவதையும் கேட்டார்.

"ரெண்டுல எது சார் பொய்?" என்றார். "பெரிய கேமராக்காரரு நீங்க, எப்புடி வேணா எடுப்பீங்க."

நேரில் வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். பார்க்கலாம் என்றார். எங்கள் பக்கத்து ஆபீஸ்களில் அதற்கு, பார்க்கமாட்டேன் என்று அர்த்தம்.

ஐப்பசி மழையில் சுவர் விழுந்தது. பிள்ளைகள் சாப்பிட்டுப் போயிருந்தார்கள். அண்டா கழுவிக்கொண்டிருந்தவளின் வலது கால் நசுங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு மட்டும் வண்டிகள் வரிசையாக வந்தன. டேப் பிடித்து அளந்தார்கள், அந்த இன்ஜினியரும்தான். அங்கேயே நின்று புதுச் சமையலறைக்கு இடம் குறித்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "புது ரூம்புல ஒக்காந்துக்கினே சமைச்சா வுடமாட்டாங்களாண்ணா?"

விசாரிக்கிறேன் என்றேன். சமையலுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டதாக ஆபீஸ்காரர்கள் வராந்தாவிலேயே எனக்குச் சொல்லியிருந்தார்கள்.