லாடமில்லாத சுல்தான்

பட்டறைக்குள் யார் நுழைந்தாலும் கிளோவிஸ் துப்ரேல் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்க்கிறார். பாதிரியாருக்கும் இதே மரியாதைதான். "வலது குதிகால் தேய்ஞ்சிருக்கு சாமி, சாய்ஞ்சு நடக்குறீங்க" என்ற பிறகே வணக்கம் வரும்.

பாரிஸின் கிழக்கு வாசலருகே இருபத்தாறு வருடமாகக் குதிரைகளுக்கு லாடம் அடிக்கிறார். சக்கரவர்த்தி போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். லாட ஆணியின் நீளம் மாறவில்லை என்பதே கிளோவிஸின் அரசியல். வாயில் எந்நேரமும் நான்கு ஆணிகள் இருக்கும். "சூப்பு குடிக்கவாவது அதைத் துப்பித் தொலையேன்" என்பது மனைவி சோலாஞ்ஜ் தினமும் சொல்லும் ஜெபம்.

இப்பேர்ப்பட்டவருக்குச் சென்ற மாதம் ஒரு படத்தால் சோதனை வந்தது. காகிதக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மைச் சித்திரத்தைத் தொங்கவிட்டார்கள்: இடி மின்னலுக்கு நடுவே முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரை. பிடரி பறக்கிறது, மூக்கு விடைக்கிறது. அது ஒயின் பீப்பாய் வண்டி இழுக்கும் சுல்தான் என்று பேட்டைக்கே தெரியும். சுல்தான் ஆயுளில் ஒருமுறையும் அப்படி எழுந்ததில்லை. நின்றபடியே தூங்குகிற ஜாதி. அதிலெல்லாம் கிளோவிஸுக்கு ஆட்சேபமில்லை. ஆனால் தூக்கிய இரண்டு குளம்பிலும் அவர் அடித்த லாடம் இல்லை.

"துப்ரேல் அடிச்ச லாடம் ஒரு மழைக்கே கழண்டுடுச்சு பாரு" என்று பாலத்துக்கு அந்தப் பக்கத்து லாடக்காரன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். அந்த வாரமே இரண்டு வண்டிக்காரர்கள் அவனிடம் குதிரைகளை ஓட்டிப் போனார்கள்.

கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் கிளோவிஸ் படத்தைக் கழற்றிக்கொண்டு, நான்கு மாடி ஏறி, அதை வரைந்த ஓவியன் அர்மானின் மேசைமேல் வைத்தார்.

"தம்பி, இதுக்கு லாடம் போடு."

அர்மான் தலைமுடியைக் கோதினான். "பெரியவரே, இது சுல்தான் இல்ல. யாருக்கும் அடங்காத காட்டுக் குதிரை. சுதந்திரத்தோட ஆவி."

"ஆவியாவே இருக்கட்டும். அந்த ஆவிக்குக் கழுத்துப்பட்டை உரசின தழும்பு எங்கேர்ந்து வந்துச்சு?"

அர்மான் குனிந்து பார்த்தான். தழும்பு அச்சு அசலாக இருந்தது.

"கண்ணுல பட்டதை வரைஞ்சுட்டேன்."

"தழும்பு பட்டுச்சு. என் வேலை படலையோ?"

ஓவியன் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினான். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்கு லாடம் வரைய வராது. எப்படிப் போட்டாலும் பூரான் மாதிரி வருது."

"நகரு."

கிளோவிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இறகுப் பேனாவை வாங்கி மையில் தோய்த்தார். குளம்பில் கை வைக்குமுன், மிரண்டு நிற்கும் அந்தக் குதிரையின் கழுத்தை இடக்கையால் மெல்ல இரண்டு தட்டுத் தட்டிக் கொடுத்தார்.