அக்குளில் சுரந்த பால்

எனக்கு மூன்று பிரசவம். ஒவ்வொரு முறையும் பால் கட்டும்போது இடது அக்குளும் எலுமிச்சம்பழம் போல வீங்கும். அழுத்தினால் அங்கிருந்தும் பால் கசியும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் கூட்டுக்குடும்பத்தில் இது என் ஓரகத்திக்கு மட்டும்தான் தெரியும். மூத்த மருமகள் அவள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "உன் பிள்ளைக்குப் பஞ்சமே வராதுடி" என்று சிரிப்பாள்.

கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, பாலெல்லாம் வற்றிய காலத்தில், அதே இடத்தில் கல் மாதிரி ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. முதலில் பார்த்த டாக்டர் காசநோய்க் கட்டி என்று ஊசி போட்டார். கரையவில்லை. அக்காதான் என்னை பஸ்ஸில் ஏற்றித் திருச்சி புத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள்.

"எப்பலேருந்து இருக்கு?" என்று அவர் கேட்டார். வெட்கத்தில் நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

அக்கா முந்திக்கொண்டாள். "கட்டி இப்பத்தாங்க. ஆனா பிள்ளை பெத்தப்பல்லாம் அந்த இடத்துல பால் வரும்."

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாலா? இதை யார்கிட்டயும் சொல்லலையாம்மா?"

சில பெண்களுக்கு மார்பின் சதை அக்குளிலும் கொஞ்சம் இருந்துவிடும் என்றார். மார்பில் வரக்கூடிய நோய் அபூர்வமாக அதிலும் வரலாம். துளி சதை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய்தான்.

கட்டியையும் சுற்றியிருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தபோது அந்தப் பக்க மார்பையும் எடுத்துவிட்டார்கள். மார்பில் நோயே இல்லை என்று பிறகு தெரிந்தது. அந்தக் காலத்தில் வைத்தியம் அப்படித்தான் இருந்தது. பிறகு மதராஸில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். தோல் கறுத்து உரிந்தது. ஊர் திரும்பியபோது இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை.

அதனால் தினமும் சாயங்காலம் கிணற்றடியில் அக்கா எனக்குத் தலை பின்னிவிட்டாள். சிக்கெடுத்துக்கொண்டே தெருக்கதையெல்லாம் சொல்லுவாள். கொல்லைப் பவழமல்லி மொட்டு விரிகிற வாசனை வரும். ஒருநாள் நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, சீப்பைக் குடுங்க, இனிமே நானே வாரிக்கிறேன்."

"சும்மா உக்காருடி" என்று என் தலையை முன்னால் திருப்பிவிட்டாள்.

நோய் திரும்ப வரவில்லை. நாங்கள் தனிக்குடித்தனம் போகும்வரை அக்காதான் பின்னிவிட்டாள். இப்போது வயதாகி என் தலையில் பின்னுவதற்கு முடியில்லை. ஆனாலும் சாயங்காலமானால் அந்த விரல்கள் வேண்டியிருக்கின்றன.