அக்கா பேசிய நொண்டிக் கொக்கு

பெரியம்மா வீட்டு டிவி ரிமோட்டில் முதலில் பாழானது சத்தத்தை நிறுத்தும் பட்டன்தான். பெரியப்பா அந்த ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, ரப்பர் பேண்டு சுற்றி, கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார். இருந்தும் அந்த ஓர் இடத்தில் மட்டும் உறை ஓட்டையாகி, பட்டனில் இருந்த படம் அழிந்து வழவழவென்று ஆகிவிட்டது. எல்லாம் அக்காவின் கட்டைவிரல் செய்த வேலை.

அக்கா, பெரியம்மாவின் மகள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். தொண்ணூறுகளில் விடுமுறை விட்டால் திண்டிவனத்திலிருந்து கோலியனூருக்கு நான் பஸ் ஏறியது அவளுக்காகவும், ஞாயிறு காலையில் வரும் ஒரு ஜப்பான் கார்ட்டூனுக்காகவும்தான். நீல முடிப் பையன், அவன் தோளில் ஒரு நொண்டிக் கொக்கு. அதைத் தவறவிடக் கூடாதென்றே அக்கா மாதா கோயிலின் விடியற்காலைப் பூசைக்கு என்னையும் தெருப் பிள்ளைகளையும் இழுத்துப்போவாள். சாமியார் கடைசி ஆசீர் கொடுத்ததும் வீட்டுக்கு ஓட்டம்தான். ஆனால் கார்ட்டூன் பேசியது இந்தி. தெருவில் ஒருவருக்கும் புரியாது.

"இன்னாத்துக்கு இது கத்திக்கினு இருக்கு? நான் சொல்றேன் கேளுங்க" என்று அக்கா சத்தத்தை நிறுத்திவிட்டு, கார்ட்டூனில் வரும் எல்லாருக்கும் அவளே பேசினாள். கொக்குக்கு மூக்கால் ஒரு குரல். "ஜல்தியா நடடா, எனுக்குக் காலு வலிக்குது." மலை உச்சியில் கறுப்பு உடையில் அடிக்கடி வந்து நிற்கும் நெட்டைப் பெண்ணைப் பையனின் அத்தையாக்கிவிட்டாள். "கண்ணு, மல்லாட்டை வறுத்தாந்திருக்கேன். துன்னுட்டுச் சண்ட போடு." வேர்க்கடலை வறுத்துக்கொண்டு வரும் அந்த அத்தையை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

விழுப்புரத்தில் கல்லூரியில் படித்தபோது நண்பனின் கம்ப்யூட்டரில் அந்தத் தொடர் முழுவதையும் அடியில் ஓடும் ஆங்கில வசனங்களோடு பார்த்தேன். தலை சுற்றியது. கொக்கு கடைசிவரை வாயே திறக்கவில்லை. அத்தையோ, பையனின் ஊரையே கொளுத்திய பகைக்காரி! அந்தக் கதையும் அற்புதமானதுதான். அதற்குப் பைத்தியமாகி, வருடா வருடம் பார்த்தேன். அக்காவிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அவளுடைய கதை உடைவதை என்னால் தாங்க முடியாது.

பல வருடங்கள் கழித்து, திண்டிவனத்துக்கே மருமகளாக வந்துவிட்ட அக்கா போன் செய்தாள். "டேய், நம்ம கொக்கு கார்ட்டூன நெஜ ஆளுங்கள வெச்சுப் படமா எடுத்துக்கீறாங்களாம். ஞாயித்துக்கெழம டிவில தமிழ்லயே போடறான். பசங்களுக்கு முழுக் கதையும் சொல்லி வெச்சிருக்கேன், வந்துரு." பெற்ற பிள்ளைகள் முன்னால் அவள் குட்டு வெளிப்படப் போகிறதே!

படத்தைப் பற்றி ஒரு பழைய ரசிகனாகச் சொல்கிறேன்: பாவம், நிறையச் செலவழித்திருந்தார்கள். பையனின் நீல முடி பள்ளி ஆண்டு விழா விக் மாதிரி இருந்தது. கார்ட்டூனில் எலுமிச்சம்பழ அளவுக்குத் திரளும் கண்ணீர், நிஜ நடிகனின் முகத்தில் இருக்குமிடம் தெரியவில்லை. கொக்கு மட்டும் அச்சு அசல் கொக்கு. அதனால்தான் எனக்கு அதைப் பிடிக்கவில்லை.

"கொக்கு ஏம்மா பேசவே மாட்டேங்குது?" என்றான் பெரியவன். சற்று நேரத்தில் நெட்டைப் பெண் தீப்பந்தத்தோடு ஊருக்குள் நுழைந்தாள். சின்னவள் அலறினாள்: "அம்மா, அத்தை ஏன் ஊட்டக் கொளுத்தறாங்க?"

அக்கா மெல்ல என் பக்கம் திரும்பினாள். "உனுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"காலேஜ்லயே தெரியும்க்கா."

"இத்தினி வருசமா வாயத் தொறக்கல பாரு, கள்ளன்!" என்று என் முதுகில் ஓர் அறை வைத்துச் சிரித்தாள். பிள்ளைகள் இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புது ரிமோட், எல்லாப் பட்டன்களும் பளபளவென்று இருந்தன. அக்கா குனிந்துகூடப் பார்க்கவில்லை; கட்டைவிரல் தானாகப் போய் அழுத்தியது. வீடு அமைதியானது.

"கண்ணு, கொசு கடிக்குதேன்னு பொக போட வந்தேன்டா. காத்துல கொஞ்சம் பெருசாப் புடிச்சிக்கிச்சி" என்றாள் அத்தை.

"அப்பவே சொன்னேன், கேட்டியா?" என்று மூக்கால் பதில் வந்தது. நான்தான் பேசினேன்.