அரங்கேற்றத்துக்கு வந்த கெய்ஷா

மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்தை லண்டன் ஹரோவில் வைத்தோம். பிரதம விருந்தினராக, என்னோடு வேலை செய்யும் ஜப்பானியத் தோழியின் பெரியம்மாவை அழைத்தேன். அவர் கியோட்டோவில் கெய்ஷாவாக இருந்தவர்.

அழைப்பிதழில் 'கெய்ஷா' என்றிருந்ததைப் பார்த்த கணவரின் தம்பி போனில் கத்தினார். "அண்ணி, அப்பிடிப்பட்ட பொம்பிளையையோ மேடையில ஏத்தப் போறியள்? சனம் சிரிக்கும்!"

எனக்கும் பயம் பிடித்தது. தோழியிடம் நேரடியாகவே கேட்டேன். பெரியம்மா சிறு வயதிலிருந்தே நடனமும் இசையும் பயின்றவர், விருந்துகளில் ஆடிப் பாடுவதே அவர் தொழில், உடலை விற்பவர்கள் என்பதெல்லாம் வெளியார் கட்டிய கதை என்றாள்.

அழைப்பை நான் மாற்றவில்லை. அன்று மேடையில் அவர் விசிறியோடு ஆடிக் காட்டியபோது மண்டபமே கைதட்டியது. கணவரின் தம்பிதான் முதலில் போட்டோ எடுக்க ஓடினார்.

இப்போது கெய்ஷா என்றதும் யாராவது நமட்டுச் சிரிப்புச் சிரித்தால் விடுவதில்லை. "பரதம் ஆடின பொம்பிளையளையும் ஒருகாலத்தில இப்பிடித்தானே கதைச்சவை. உங்கட மகள் இப்ப என்ன வகுப்புக்குப் போறா?" என்று கேட்கிறேன்.